தாமரை இலை வட்டத்தின் தங்கப் பதக்கம்

எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளைக் கூப்பிடுவது திரை. ஒவ்வொரு மருத்துவர் அறைக்கு வெளியிலும் ஒரு திரை, அதற்குப் பின்னால் லினக்ஸ் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டி. உங்கள் எண் திரையில் வந்ததும் எழுந்து உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் உங்கள் எண் கடந்துவிட்டது. கடைசி ஆளைப் பார்த்து முடித்த பிறகு மருத்துவருக்கு மனமும் நேரமும் இருந்தால் உங்களைப் பார்ப்பார், இல்லாவிட்டால் அடுத்த வாரம். தைவானில் வளர்ந்த யாரும் இதைக் கொடுமை என்று சொல்ல மாட்டார்கள். வரிசை என்றால் வரிசைதான்.

அந்த எண்கள் நின்றுபோக ஆரம்பித்தன. காலையில் ஒழுங்காக ஓடும் திரை மத்தியானத்துக்கு மேல் திணறும், சாயங்காலத்துக்குள் ஏதோ ஓர் எண்ணில் உறைந்துவிடும். உள்ளே மருத்துவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார், வெளியே பதினேழு பதினேழாகவே இருக்கும். செவிலியர் கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். காது கேட்கிறவர்கள் எழுந்து போவார்கள்.

என் அப்பாவுக்குக் காது கேட்காது. காங்ஷானில் திருகாணி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றே அவர் வாலிபம் போனது, கூடவே காதும் போனது. காதுக் கருவி விசிலடிக்கிறது என்று அதை அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது அவருக்கு இதயம் தாளம் தப்பி அடிக்கிறது. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை மருத்துவர் ரத்தத்தைச் சோதித்து அளவு சொன்னால்தான் அடுத்த மாத்திரை கிடைக்கும். ஒருநாள் இதயப் பிரிவின் திரை நின்றுபோய், அப்பா தன் எண்ணைத் தவறவிட்டார். விளக்கணைக்க வந்த செவிலியர்தான் அவரைப் பார்த்து உள்ளே இழுத்துப் போனார். கடைசியில் கூட்டமே இல்லாமல் நிதானமாகப் பார்த்தார்கள் என்று அப்பா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. ஏனென்றால் அந்தத் திரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தப் பொறியாளர் நான்தான். என் பெயர் யூ ஷின்-ரூ.

ஒரு பெட்டியைக் கழற்றி என் மேசையில் வைத்து, உள்ளே எந்த நிரல் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று பார்த்தேன். முதலிடத்தில் கிராபிக்ஸ் சர்வர் இருந்தது. திரையில் எதைக் காட்ட வேண்டுமானாலும் மற்ற நிரல்கள் இதனிடம்தான் சொல்ல வேண்டும். வரையச் சொன்னால் வரையும், வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்ளும். அது தின்னும் அளவு ஏறிக்கொண்டே போனது. சாப்பிடப் போய்விட்டு வந்து பார்த்தேன், இன்னும் ஏறியிருந்தது. பெட்டியில் இருந்ததெல்லாம் தீர்ந்ததும் எண் நின்றது.

திரையின் மூலையில் எங்கள் மருத்துவமனையின் சின்னம் சுழன்றுகொண்டே இருக்கும், இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்குவது போல. அதைச் சுழற்றும் நிரல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதுப் படம் செய்து சர்வரிடம் கொடுத்துவைக்கிறது. பழையதை எறிந்துவிடு என்று ஒருநாளும் சொல்வதில்லை. சொல்லாமல் சர்வர் எதையும் எறியாது. பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் எல்லோரும் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போனால் கடைக்காரர் எங்கே நிற்பார், அந்தக் கதிதான் அதற்கு. சின்னத்தை நிறுத்திவைத்துப் பார்த்தேன். நினைவகம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையில் மகிழ்ச்சி இதற்குப் பிறகு வராது.

எங்கள் பிரிவுத் தலைவர் தூ நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார், எதையும் முடிவு செய்யவும் மாட்டார். நான் கொண்டுபோன நினைவகப் பட்டியலைப் பார்த்தபடி, சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"இந்தப் பட்டியல்ல முதல்ல யார் பேரு இருக்கு?"

சர்வர் என்றேன்.

"சின்னம் எங்க இருக்கு?"

கடைசிக்குப் பக்கத்தில் என்றேன். சின்னம் கேட்டு வாங்குவதெல்லாம் சர்வரின் கணக்கில் ஏறும், அதனால்தான் அது கடைசியில் இருக்கிறது என்று விளக்கினேன்.

"கடைசில இருக்கிறதுதான் குத்தவாளின்னு சொன்னா, முதல்ல இருக்கிறது எதுக்கு முதல்ல இருக்குன்னு டீன் கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

சின்னத்தை எடுக்க வேண்டாம், பழைய படத்தை எறியச் சொல்லி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றேன். தூ கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஷின்-ரூ, மருத்துவமனைச் சின்னத்தைத் தூக்கி எறியறதுக்கு ஒரு வரி. அதுக்கு அனுமதி கேட்டு நான் டீனுக்கு எழுதணும். சுழலட்டும்னு சொன்னவரே அவருதான். சர்வரு யாரும் சொல்லி வந்ததில்ல, அதை என்ன வேணா சொல்லலாம்."

பிறகு அவர் என்னைத் தர மையத்துக்கு அனுப்பினார்.

தர மையத்தை நடத்துபவர் கோங் அக்கா. முன்பு செவிலியராக இருந்தவர், ஊசி போடுவதை விட்டு வெகுகாலமாகிறது. எங்கள் மருத்துவமனையில் ஒரு பிரச்சினை பிரச்சினையாக ஏற்கப்பட வேண்டுமானால் அதற்கு ஒரு தர வட்டம் அமைய வேண்டும். வட்டம் என்றால் பல பிரிவுகளிலிருந்து ஆட்கள், வட்டத்துக்கு ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு கோஷம், காரணங்களை எழுத ஒரு மீன்முள் படம், எல்லாம் விதித்த வரிசையில் படிப்படியாக. வருடக் கடைசியில் தைபேயில் போட்டி. நாடு முழுவதிலிருந்தும் வட்டங்கள் வந்து மேடையில் ஆடிப் பாடித் தங்கள் பிரச்சினை குறைந்ததைக் காட்டும்.

"கை கழுவறது, கட்டில்லேர்ந்து விழறது, சோறு ஆறிப்போறது, இதையே திருப்பித் திருப்பி ஆடிட்டோம்மா. நடுவருங்க எங்க முகத்தப் பாத்தாலே கொட்டாவி விடறாங்க," என்றார் கோங் அக்கா. "உன்னோட நினைவகம் புதுசு. அதுவும் வளர்ந்துகிட்டே போகுது. வளர்றதுதான் வரைபடத்துல குறைச்சுக் காட்ட அம்சமா இருக்கும்."

காரணம் தெரிந்துவிட்டது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காரணம் அஞ்சாவது படியில வரும். இப்பவே சொல்லிட்டா மத்தவங்க எல்லாம் என்ன செய்வாங்க?"

வட்டம் கூடியது. தூ தலைவர், கோங் அக்கா ஆலோசகர். நான், ஒரு மருந்தாளர், இரண்டு செவிலியர்கள், சமையலறை மேற்பார்வையாளர், வண்டி நிறுத்துமிடத்துக் காவலர் ஆகியோர் உறுப்பினர்கள். பெயர் வைக்க ஒரு கூட்டம் நடந்தது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது, அதுபோல் நினைவகத்தில் எதுவும் ஒட்டக்கூடாது என்று மருந்தாளர் சொன்னதும் தாமரை இலை வட்டம் என்று முடிவானது. சின்னத்துக்கு ஒரு கூட்டம் நடந்தது. இலைமேல் ஒரு நீர்த்துளி, அதற்குக் கண்ணும் வாயும், துளியின் கையில் ஒரு துடைப்பம். கோஷத்துக்கு நடந்த கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று கையை வீசிப் பழகினோம். அந்த நேரத்தில் வெளியே மூன்றாம் மாடியில் எண்கள் நின்றிருந்தன. நான் ஓடிப்போய் ஒவ்வொரு பெட்டியாக அணைத்துப் போட்டுவிட்டு வந்து கையை வீசினேன்.

ஐந்தாவது படி வந்தது. வெள்ளைப் பலகையில் பெரிய மீன்முள் வரைந்து, ஆளுக்கொரு காரணம் எழுதச் சொன்னார்கள். சமையலறை மேற்பார்வையாளர் ஈரக்காற்று என்று எழுதினார். காவலர் பெட்டிகளுக்கு வயசாகிவிட்டது என்றார். செவிலியர்களில் ஒருவர், நோயாளிகள் திரையை அளவுக்கு மீறிப் பார்க்கிறார்கள் என்றார். நான் சின்னம் சுழல்வதை எழுதினேன். பிறகு முறைப்படி எல்லாக் காரணங்களுக்கும் மதிப்பெண் போட்டோம். என் காரணம் தோற்றுப்போனது. நோயாளிகள் பார்ப்பதுகூட அதைவிட அதிகம் வாங்கியிருந்தது. ஜெயித்தது பச்சைப் பொட்டலம்.

பச்சைப் பொட்டலம் இங்கே யாருக்கும் புதிதல்ல. கணினி வைத்திருக்கும் எவரும் அதன்மேல் தேங்காய் மணக்கும் பொரித்த சோளப் பண்டத்தின் பச்சை உறைப் பொட்டலத்தை வைப்பார்கள். இயந்திரம் சொன்ன பேச்சுக் கேட்கும். உறை பச்சையாக இருக்க வேண்டும், பண்டம் காலாவதி ஆகியிருக்கக்கூடாது, யாரும் தின்றிருக்கக்கூடாது. எங்கள் கணினி அறையில் இருந்த பொட்டலம் எப்போதோ காலாவதி ஆகியிருந்ததைக் காவலர் கண்டுபிடித்தார். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு நொடி, ஒருவேளை அதுதானோ என்று தோன்றியது. நானும் இந்த ஊர்க்காரிதான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொட்டலம் வாங்க உத்தரவு போனது. கொள்முதல் பிரிவு மூன்று கடைகளில் விலை கேட்டு, குறைந்த விலைக்கு மஞ்சள் பொட்டலங்களை வாங்கிவந்து இறக்கியது. மஞ்சள் வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். விதிப்படி வாங்கிய பொருளைத் திருப்ப முடியாது, நம்பிக்கைப்படி வைக்கவும் முடியாது. இரண்டு பிரிவுகளும் கடிதம் எழுதிக்கொண்டு, கடைசியில் மஞ்சள் உறைகளின்மேல் பச்சைக் காகிதம் ஒட்டுவதென்று உடன்பட்டன. நானும் செவிலியர்களும் உட்கார்ந்து ஒட்டினோம்.

எனக்கு அப்பாவின் திரைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. இதயப் பிரிவின் பெட்டியில் மட்டும் யாரிடமும் கேட்காமல் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். அன்றிலிருந்து அந்தத் திரை நிற்கவில்லை. அப்பா தன் எண் வந்ததும் எழுந்து போய் மாத்திரையோடு வந்தார்.

அடுத்த அளவெடுப்பில் மாட்டிக்கொண்டேன். வட்டம் எல்லாப் பெட்டிகளின் நினைவகத்தையும் ஒரே தாளில் வரைந்தது. எல்லாக் கோடுகளும் மலையேற, ஒன்று மட்டும் தரையில் படுத்திருந்தது. கோங் அக்கா அதன்மேல் விரலை வைத்தார்.

"இதுல என்னம்மா செஞ்ச?"

சரி செய்தேன் என்றேன்.

"இதுல குறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லயே. போட்டிக்கு முன்னாடியும் இதே அளவு, பின்னாடியும் இதே அளவுன்னா நாங்க செஞ்சது என்னன்னு நடுவர் கேப்பாரு." தூ வருத்தத்தோடு தலையாட்டினார். மற்றவற்றோடு ஒத்துப்போகாத பெட்டி என்று அதற்குப் பெயர் வைத்து, பழையபடி மாற்றச் சொன்னார்கள். நான் மாற்றினேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது.

நினைவகத்தைக் குறைக்கவும் வழி கண்டார்கள். தினமும் விடியுமுன் பெட்டிகளைத் தானாக அணைத்துப் போட்டுவிட்டு, போட்ட கையோடு அளப்பது. பெட்டி விழித்த மறுநிமிடம் நினைவகம் காலியாகத்தானே இருக்கும். வரைபடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தது. வட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அணைத்துப் போடுவதால் திரைகள் மத்தியானம்வரை தாங்கின என்பதும் உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

இந்த வெற்றியை நோயாளிகளும் அறிய வேண்டும் என்றார் டீன். ஆகவே திரையின் இன்னொரு மூலையில் துடைப்பம் பிடித்த நீர்த்துளியும் சுழலத் தொடங்கியது, அதே நிரலில். இப்போது மத்தியானத்துக்கு வெகு முன்பே எண்கள் நின்றன. நான் தூவிடம் போய்ச் சொன்னேன். அளவு காலையில்தானே எடுக்கிறோம், அதில் ஒன்றும் பாதிப்பில்லையே என்று ஆறுதல் சொன்னார்.

போட்டிக்கு வழியனுப்பு விழாவில் டீன் பேசினார். வெள்ளைத் தலை, மென்மையான குரல், காகிதம் பார்க்காமல் பேசுவார்.

"ஒரு காலத்துல நோயாளி வந்தா உடனே பாத்தோம். அப்ப எங்களுக்குத் தரம்னா என்னன்னே தெரியாது. இன்னைக்கு நம்மகிட்ட தரம் இருக்கு, அதை அளக்க ஆள் இருக்கு, அளந்ததைக் காட்ட மேடை இருக்கு. நோயாளி கொஞ்சம் காத்திருக்கலாம். ஆனா நம்மளோட முன்னேற்றம் காத்திருக்கக்கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் கை தட்டுவதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு யாருடைய கையோ போல.

தைபேய் மேடையில் நான்தான் சர்வர். அட்டைப் பெட்டியில் தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி மாட்டிவிட்டார்கள். மற்றவர்கள் இலையும் துளியுமாக என்னைச் சுற்றி ஆடி, பெட்டிக்குள் காகிதப் படங்களைத் திணித்தார்கள். அடுத்த பாட்டில் துடைப்பத்தோடு வந்து அவற்றை வெளியே எடுப்பதாக ஏற்பாடு. நேரமாகிவிட்டது என்று மணி அடித்ததால் எடுக்கவில்லை. வயிற்றில் காகிதத்தோடு இறங்கி வந்தேன். தங்கப் பதக்கம் எங்களுக்கு. புதுமையான தலைப்பு என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள்.

அன்று அப்பாவுக்கு மருத்துவரைப் பார்க்கும் நாள். நான் வீடு திரும்பியபோது அவர் எனக்காகச் சோறு எடுத்து மூடிவைத்திருந்தார். போன காரியம் என்ன ஆச்சு என்று கையால் கேட்டேன்.

"பாத்தாச்சும்மா. எல்லாம் நல்லபடியா இருக்காம்." பதக்கத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கனமா இருக்கே. எம்பொண்ணு கெட்டிக்காரி."

அந்த வாரத்தில் ஒரு காலை கஞ்சி குடிக்கும்போது அவர் கையிலிருந்து சாப்பிடும் குச்சிகள் விழுந்தன. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தன. அவர் தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்தார். மரத்துப்போச்சு என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது, வாய் ஒத்துழைக்கவில்லை.

மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பேச்சு திரும்பிவிடும், கை அவ்வளவாகத் திரும்பாது. ரத்தத்தில் மாத்திரையே இல்லையே, ஏன் நிறுத்தினீர்கள் என்று மருத்துவர் என்னைக் கேட்டார். இதயப் பிரிவின் செவிலியர்தான் விஷயத்தைச் சொன்னார். அன்று திரை நின்றுபோய், அவர் கதவில் நின்று பலமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அப்பா எதிரிலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு பெருக்க வந்தவர் தோளைத் தட்டி, எல்லாம் முடிந்துவிட்டது என்று சைகை காட்டி அனுப்பியிருக்கிறார். நான் பதக்கத்தோடு வரும் நாளில் இதைச் சொல்லிக் கெடுக்க வேண்டாம் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அந்த ஒரு வரியை நான்தான் அழித்தேன். மருத்துவர் கேட்டபோது அதைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவருக்குப் புரிந்திருக்காது.

வட்டம் முழுவதும் ஆப்பிள் கூடையோடு அப்பாவைப் பார்க்க வந்தது. டீனும் வந்து கட்டிலருகே நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். சின்னம், துளி, படங்கள், அந்த ஒரு வரி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். தூவின் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. டீன் அப்பாவின் மரத்துப்போன கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"கடைசி ஆளு போற வரைக்கும் நம்ம திரையை நம்பி உக்காந்திருந்திருக்காரு. இந்த நம்பிக்கையை எந்தப் பதக்கமும் வாங்கித் தராது."

கோங் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகில் வந்தார். "அடுத்த வருஷத்துக்கு இதையே எடுத்துக்கலாம்மா. காது கேக்காதவங்க காத்திருக்கிற நேரம். மனசத் தொடும். அப்பாவை ஒரு படம் எடுத்துக்கறேன், உனக்கு ஆட்சேபணை இல்லயே?"

நான் வாயெடுக்குமுன் அப்பா சரி என்று தலையாட்டினார். அவருக்கு என்ன கேட்டார்கள் என்பது கேட்டிருக்காது, எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள், அது போதும் அவருக்கு. கட்டைவிரலை உயர்த்தச் சொன்னார்கள். வலது வரவில்லை, இடதை உயர்த்தினார்.

அந்தப் படத்தைத் திரைகளில் போடும் வேலை எனக்கு வந்தது. திரையின் நடுவில் பெரிதாக, கீழே 'உங்கள் காத்திருப்பில் நாங்களும்' என்ற எழுத்தோடு, வந்து நின்று போய் மறுபடி வர வேண்டும். நிரல் பழையதுதான், வரி சேர்க்க அனுமதியில்லை. நான் போட்டேன். ஒவ்வொரு முறை வரும்போதும் சர்வர் ஒரு புதிய அப்பாவை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த மாதம் விடுப்பு எடுத்து நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். இதயப் பிரிவின் வெளியே நீல நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவருக்கு எண் இருபத்தாறு. நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கண்ணை மூடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் கேட்கவில்லை, வழக்கம்போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும், திரை திணறியது. கட்டைவிரலை உயர்த்திய அப்பா பாதித் திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். பிறகு போகவில்லை.

அப்பா முதலில் புன்னகைத்தார். பக்கத்து நாற்காலிக்காரரும் படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் போனது. அப்பா நாற்காலியில் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு நல்ல கையால் என் முழங்கையை இழுத்து, காது கேட்காதவர்கள் பேசும் அந்தப் பெரிய குரலில், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"அந்தாளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லும்மா. நம்பரே தெரியல."